பதினான்கு பாட்டும் ஒற்றைப் பாட்டும்: கல்முனைக் கரையில் பொப் இசையைத் தரம்பிரித்த கதை

பீட்டில்ஸ் குழுவின் முதல் நெடு இசைத்தட்டான 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' 1963 மார்ச் 22ஆம் திகதி இங்கிலாந்தில் வெளியானது. மொத்தம் 14 பாட்டு. நான்கு ஏற்கெனவே சிறு தட்டுகளில் வந்தவை. மிச்சப் பத்தையும் பெப்ரவரி 11ஆம் திகதி ஒரே நாளில், காலை பத்து மணிக்குத் தொடங்கி இரவு பதினொரு மணிக்குள் பாடி முடித்துவிட்டார்கள். ஜோன் லெனனுக்கு அன்று கடும் தடிமன். பாலும் தொண்டை மாத்திரையுமாக நாளை ஓட்டினார். தொண்டையைக் கிழிக்கும் 'ட்விஸ்ட் அன்ட் ஷவுட்' பாட்டைத் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் கடைசிக்கு வைத்திருந்தார். முதல் தடவை பாடியதுதான் தட்டில் ஏறியது. இரண்டாவது தடவைக்கு லெனனிடம் குரல் மிஞ்சவில்லை.

இந்தப் பதினான்கையும் ஒன்று முதல் பதினான்கு வரை அடுக்கி மார்க் போடுவதும், போட்ட மார்க்கை மற்றவர் குழப்புவதும் அறுபது வருடமாக ஓயாத வேலை. எட்டுப் பாட்டு லெனனும் மக்கார்ட்னியும் எழுதியவை. ஆறு மற்றவர்களிடம் எடுத்தவை. எடுத்த ஆறில் எது தேறும், எழுதிய எட்டில் எது தேறாது என்பதில் ஒரு கட்சி. 'எ டேஸ்ட் ஒஃப் ஹனி'யை அடியில் தள்ளுகிறவர்கள் அதிகம். ஆரவாரக் கூட்டத்தை அடக்கி வைக்கவும் இந்தப் பொடியன்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி என்று தாங்குகிறவர்களும் உண்டு. ரிங்கோ ஸ்டார் பாடிய 'போய்ஸ்' குரலுக்கு மார்க் இழந்து தாளத்தில் மீட்டுக்கொள்ளும். என்னைக் கேட்டால் தலைப்புப் பாட்டுக்கு மேலே 'தேர்ஸ் எ பிளேஸ்' வரவேண்டும் என்பேன். வாழ்க்கையில் மனம் நொந்தால் போய் இருக்க ஓர் இடம் உண்டு, அது என் மண்டைக்குள்தான் என்று இருபது வயதைத் தாண்டிய இரண்டு பேர் எழுதியது அந்தக் காலப் பொப் இசைக்குப் புதுச் சங்கதி.

இந்தச் சண்டையில் எனக்கு முக்கியமாகப் படுவது, வரிசையின் அடியில் கிடக்கும் பாட்டுக்கும் ஒரு வக்கீல் கிடைத்துவிடுகிறார் என்பதே. தட்டை வாங்கியவர் பதினான்கையும் கேட்டே ஆகவேண்டும். ஊசியைத் தூக்கித் தூக்கி வைக்க எல்லோருக்கும் பொறுமை இருக்காது. கேட்கக் கேட்கச் சுமாரான பாட்டும் உறவாகிவிடும்.

அதே பத்தாண்டின் பிற்பகுதியில் இலங்கையில் தமிழ்ப் பொப் இசை எழுந்தது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன், திருகோணமலை பரமேஸ், எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை என்று பாடகர் வரிசை சின்னதல்ல. அம்பாறைக் கரையில் மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை போய், அறுபது வயதைத் தாண்டிய யாரிடமும் அந்தக் காலத்துப் பொப் பாட்டு எது ஞாபகம் என்று கேட்டால் 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே', 'சுராங்கனி' என்று மூன்று பெயர் உடனே வரும். கொஞ்சம் யோசித்துப் பரமேஸின் 'உனக்குத் தெரியுமா'வையும் சேர்ப்பார்கள். ஐந்தாவது பாட்டுக்குத் திணறல் தொடங்கும். எது உசத்தி என்ற விவாதமும் இந்த நாலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். இவ்வளவு பாட்டுப் பிரியர்கள் நிறைந்த கரையில் விவாதம் ஏன் இப்படிச் சுருங்கியது? நம்மவருக்கு ரசனை போதாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாட்டு எந்த வழியால் வந்ததோ அந்த வழிதான் ரசனையின் அளவுகோலையும் செய்துகொடுத்தது என்பதே என் கட்சி.

வந்த வழி வானொலி. 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, இரண்டாம் உலகப் போரில் நேசப்படைகள் விட்டுப்போன சிற்றலைச் சாதனத்தால் ஆசியாவின் பெரிய குரலானது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. இந்தியாவில் 1952இல் தகவல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய வெளியேற்றிவிட, அதற்கு ஏங்கிய தமிழ்நாட்டுக் காதுகளும் இந்திக் காதுகளும் கொழும்புப் பக்கம் திரும்பின. 1957 ஒக்டோபரில் விவித் பாரதி வந்த பிறகுதான் டெல்லி அந்தத் தவறைச் சரிசெய்யத் தொடங்கியது.

பாட்டைத் தரவரிசைப்படுத்தும் பழக்கத்தைத் தெற்காசியா முழுவதும் பரப்பியதும் இதே கொழும்பு நிலையம்தான். 1952 டிசம்பர் 3ஆம் திகதி தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சியை அமீன் சயானி பம்பாயில் பதிவுசெய்து நாடாவாக அனுப்ப, கொழும்பு ஒலிபரப்பியது. போட்டி நிகழ்ச்சியாக ஆரம்பித்தது, இரண்டு வருடத்துக்குள் பாட்டை இடம் போட்டு எண்ணும் நிகழ்ச்சியாக மாறியது. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம் குவிந்ததாகச் சயானி பல தடவை சொல்லியிருக்கிறார். கடைகளில் விற்ற தட்டுகளின் கணக்கும் நேயர் மன்றங்களின் வாக்கும் சேர்ந்து இடத்தைத் தீர்மானித்தன. 1953ஆம் வருடக் கணக்கில் முதலிடம் 'அனார்கலி' படப் பாட்டுக்கு. ஒரு வாரம் ஏறி மறுவாரம் இறங்கும் பாட்டைக் குதிரைப் பந்தயம் போலக் கேட்கும் சுகம் இந்தி தெரியாதவர்களையும் பிடித்துக்கொண்டது.

தமிழ்ச் சேவையின் வழி வேறு. எஸ்.பி. மயில்வாகனன் காலத்திலிருந்தே அங்கே அறிவிப்பாளரின் குரல் பாட்டுக்குச் சமமான கவர்ச்சி. பிறகு கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று அந்தப் பரம்பரை வளர்ந்தது. காலையில் 'பொங்கும் பூம்புனல்', வாரத்தில் 'பாட்டுக்குப் பாட்டு', இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக நேயர் விருப்பம். ஒரு பாட்டுக்கு முன்னால் இருபது முப்பது பெயர் வாசிக்கப்படும். சாய்ந்தமருதிலிருந்து இன்னார், நிந்தவூரிலிருந்து இன்னார், கல்முனைக்குடியிலிருந்து இன்னாரின் உம்மா, வாப்பா, லாத்தா, மச்சான் என்று ஊரும் உறவுமாகப் பட்டியல் நீளும். தபாலட்டை எழுதியவர் பாட்டைவிடப் பெயருக்குத்தான் காதைத் தீட்டி வைத்திருப்பார். ஆனால் பெயர்ப் பட்டியலின் நீளமே வாக்கு என்பது எல்லோருக்கும் விளங்கியிருந்தது. நீண்ட பட்டியலோடு வரும் பாட்டு 'அடிபடுகிற பாட்டு'. பட்டியல் குட்டையானால் பாட்டு இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. ஏற்கெனவே கேட்ட பாட்டைத்தான் விருப்பம் என்று எழுதி அனுப்ப முடியும். ஒலிபரப்பாகாத பாட்டுக்கு வாக்குக் கிடையாது, வாக்கில்லாத பாட்டு ஒலிபரப்பாகாது. பாடகர் ஒருவரின் தட்டில் மறுபக்கம் கிடந்த பாட்டு இந்தச் சுற்றுக்குள் நுழைய வழியே இல்லை. கரையில் தட்டை விலைக்கு வாங்கியவர் சிலர். பாட்டைக் காற்றில் கேட்டவர் ஊர் முழுவதும். மின்சாரம் எட்டாத வளவுகளில் பற்றரி போட்ட ட்ரான்சிஸ்டர்தான் தஞ்சம். மருதமுனைத் தறிகளில் சாரனும் சாரியும் நெய்தவர்களுக்குக் கை ஓய்வதில்லை, காது ஓய்வாக இருக்கும். தறி நாடா ஓடும் சத்தத்துக்கு மேலே எழுந்து கேட்கிற பாட்டே அங்கே தேறும். மெல்லிய பாட்டு தறிச்சத்தத்தில் அமுங்கிப் போகும். தாளம் கனத்த பாட்டுக்கு இந்தக் கரை கொடுத்த அதிக மார்க்கில் இதற்கும் பங்கிருக்கிறது என்று நினைக்கிறேன்.

உடனே ஞாபகத்துக்கு வரும் அந்த மூன்று பாட்டும் ஏன் இங்கே தைத்தன என்பதைத் தனித்தனியே பார்க்கவேண்டும்.

'சின்ன மாமியே'யில் ஓர் இளைஞன் மாமியிடம் அவளுடைய மகளை விசாரிக்கிறான். யாழ்ப்பாணத்துப் பேச்சு, யாழ்ப்பாணத்துக் குறும்பு. ஆனால் மாமி மகளைக் கட்டுவது முறையாக இருக்கிற ஊரில், தாய்வழிக் குடி பார்த்து, சீதன வீடு கட்டி, மாப்பிள்ளை பெண் வீட்டில் போய்க் குடியேறுகிற அம்பாறைக் கரையில், மாமியிடம் நேரே போய் மகளைக் கேட்கிற பையன் ஆபத்தான ஆள். வீட்டின் அதிகாரம் மாமியிடம் இருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்குப் பாட்டின் பகிடி இரட்டிப்பாகக் கேட்கும். யாழ்ப்பாணத்தில் பொடியனின் துணிச்சலுக்குச் சிரித்திருப்பார்கள்; இங்கே மாமியின் முகத்தை நினைத்துச் சிரித்தார்கள்.

'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' அதைவிட வேடிக்கை. முஸ்லிம் ஊரில் கள்ளுக்கடை கிடையாது. குடிக்காதே என்று புத்தி சொல்கிற பாட்டு, குடித்தவன் ஆட்டத்துக்கு ஏற்ற மெட்டில் வருகிறது. மார்க்கம் விலக்கியதைப் பாட்டும் விலக்குகிறது என்பதால் வாப்பாமார் வாய் திறக்க முடியாது. மெட்டு துள்ளுவதால் பிள்ளைகளை அடக்கவும் முடியாது. சொல்லும் தாளமும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் இழுக்கிற இந்த விளையாட்டுக்காக நித்தியின் பாட்டுகளில் இதையே முதலாவதாக வைப்பேன். 'சின்ன மாமியே'யைத்தான் பெரும்பாலானோர் மேலே வைப்பார்கள் என்பது தெரியும். அது கேட்டவுடன் பிடிக்கிற பாட்டு. இது இருபதாம் தடவை கேட்கும்போதும் புதிதாக ஒன்றைத் தருகிற பாட்டு.

மனோகரன் பரப்பிய 'சுராங்கனி'யில் மீன் இருக்கிறது, சிங்களமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் இடித்துக்கொள்கின்றன, பைலா தாளம் ஓடுகிறது. கரைவலை இழுக்கிற ஊருக்கும், அம்பாறை நகரத்துச் சிங்களவரோடு மீனும் துணியும் நெல்லும் பேரம் பேசுகிற வியாபாரிக்கும் இதில் எதற்குமே விளக்கம் தேவைப்படவில்லை. பைலா கொழும்புச் சரக்கு என்று சொல்வதும் அரைகுறைக் கணக்கு. போர்த்துக்கேயர் காலத்து எச்சமான கஃப்ரிஞ்ஞா ஆட்டப்பாட்டை மட்டக்களப்புப் பறங்கியர் தங்கள் கிரியோல் மொழியோடு காப்பாற்றி வந்தார்கள். அது கல்முனையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வடக்கே. பொல்லடி ஆட்டத்திலும் றபான் கொட்டிலும் தாளம் பழகிய காது துள்ளிசைக்கு அந்நியப்படவில்லை. 'சுராங்கனி' 1977இல் இளையராஜா இசையில் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் மலேசியா வாசுதேவன், ரேணுகா குரல்களில் வந்து தமிழ்நாட்டின் பாட்டாகவும் ஆகிவிட்டது. அது முதல் எங்கே பிறந்தது என்ற வழக்கு வேறு சேர்ந்துகொண்டது. பாட்டு நல்லதா என்ற கேள்வி அந்த வழக்கில் தொலைந்துபோயிற்று. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது வந்த அஞ்சலிகளிலும் இந்த ஒரு பாட்டுக்குள் அவரை அடக்கிவிட்டார்கள். பைலா தாளத்தில் முருகனைக் கூப்பிட்ட மனிதர் அவர். அந்த 'மால் மருகா'வுக்கு வக்கீலாக யாரும் எழும்பவில்லை.

மார்க்கத்தின் அளவுகோலையும் சொல்லாமல் விடமுடியாது. இசை ஆகுமா ஆகாதா என்ற கேள்வி இங்கே எப்போதும் உயிரோடிருந்தது. நடைமுறையில் ஊர் ஒரு படிவரிசை வைத்திருந்தது. கலியாண வீட்டிலும் சுன்னத்து வீட்டிலும் ஒலிபெருக்கி கட்டினால் முதல் பாட்டு நாகூர் ஈ.எம். ஹனீபாவுடையது. ஆர். அப்துல் சலாம் எழுதிய 'இறைவனிடம் கையேந்துங்கள்' முழங்கிய பிறகு சினிமாப் பாட்டுக்கு வழி திறக்கும். பொப் பாட்டு அதற்கும் பின்னால், பெரியவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய நேரத்தில், மாப்பிள்ளையின் கூட்டாளிமார் கேட்டு வாங்கிப் போடுவது. ஆக, பாட்டின் இடம் எத்தனையாவது என்பதற்கு இந்த ஊரில் இன்னொரு பொருளும் இருந்தது: இரவு எத்தனை மணிக்கு ஒலிக்கும் என்பது. எண்பதுகளுக்குப் பிறகு மார்க்க இயக்கங்கள் வலுத்து ஒலிபெருக்கியே குறைந்தபோது, பொப் பாட்டு தன் கடைசி மேடையையும் இழந்தது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்கில் சேர்க்கவேண்டும் என்கிறேன்.

எழுத்தாளர் பக்கம் இந்த இசைக்கு அவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை. 1969, 70 காலத்தில் எம்.ஏ. நுஃமான் 'கவிஞன்' சஞ்சிகை நடத்திய மண் இது. மருதூர்க்கொத்தன் மருதமுனையிலிருந்து கதை எழுதினார். முஸ்லிம்களின் நாட்டார் பாடலைத் தேடித் தொகுத்தவர் சாய்ந்தமருது எஸ்.எச்.எம். ஜெமீல். வயலிலும் வரம்பிலும் பாடிய கவிக்குக் கிடைத்த இந்தக் கவனம், அதே வயலோரத்து ட்ரான்சிஸ்டரில் பாடிய பாட்டுக்குக் கிடைக்கவில்லை. ஒன்று மண்ணின் சொத்து, மற்றது கூத்தடிப்பு என்ற பிரிவினை அந்தத் தலைமுறைக்கு இயல்பு. அந்தப் பிரிவினையால் இழந்தது அதிகம் என்பேன். பாட்டு வெளியான சூட்டோடு ஒருவர் உட்கார்ந்து இன்னது நன்று, இன்னது சோடை என்று பத்துப் பாட்டுக்கு எழுதிவைத்திருந்தால் இன்று ஐந்தாவது பாட்டுக்குத் திணற வேண்டியிராது.

சிங்களப் பக்கத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. 1966இல் கிளரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் சேர்ந்த 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவுக்கு வானொலியில் விஜய கொரயாவின் ஆதரவு கிடைத்தது. ஜெரல்ட் விக்கிரமசூரியவின் 'சூரிய' நிறுவனம் இப்படிப்பட்ட குழுக்களின் பாட்டுகளைச் சிறு தட்டுகளாகக் கொண்டுவந்தது. ஒரு குழு, அதன் தட்டு, தட்டில் சில பாட்டு என்ற அமைப்பு இருந்ததால் 'மாங்கோ நந்தா' உசத்தியா 'களு மாமா' உசத்தியா என்று ரசிகர் மோத முடிந்தது. கிளரன்ஸின் ஆரம்பமும் வளர்ச்சியும் என்று படிப்படியாகப் பேச முடிந்தது. தமிழில் குழுவைவிடத் தனிப் பாடகர், தட்டைவிட மேடை. தமிழ்நாட்டிலிருந்து வந்த சினிமாப் பாட்டோ இரண்டையும் விழுங்கும் அளவுக்குப் பெரிது. 'காதலிக்க நேரமில்லை' 1964இல் வந்து 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' என்று இளைஞர் கூட்டம் ஆடியபோது, மேற்கத்தியத் துள்ளலுக்குச் சினிமாவே போதும் என்றாகிவிட்டது. பம்பாயில் 1965இல் 'ஜான்வர்' படம் பீட்டில்ஸின் ஒரு பாட்டை மெட்டோடு தூக்கிக்கொண்டது. அசலைக் கேட்காமல் நகலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள்.

எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து இந்தியச் சஞ்சிகைகள் அருகிய காலத்தில் உள்ளூர்ப் பாட்டுக்குக் கொஞ்சம் மூச்சுக் கிடைத்தது. 1977க்குப் பிறகு கதவு திறந்தது. சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் கசட் றெக்கோடரோடு திரும்பினார்கள். கல்முனைக் கடைத்தெருவில் றெக்கோடிங் பார்கள் முளைத்தன.

என் பார்வையில் இந்தக் கரையின் உண்மையான தரவரிசை அங்கேதான் தொடங்கியது. வெற்றுக் கசட் ஒன்றை வாங்கி, கொப்பித்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். 60 நிமிடக் கசட்டில் பக்கத்துக்கு அரை மணி. நாலு நிமிடப் பாட்டு ஏழு கொள்ளும். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினான்கு. லண்டனில் ஜோர்ஜ் மார்ட்டின் உட்கார்ந்து செய்த வேலையை இங்கே ஒவ்வொரு வாடிக்கையாளனும் செய்தான். எதை முதலில் வைப்பது, எதைப் பக்கத்தின் கடைசியில் வைப்பது, எதைக் கழிப்பது? முதலில் எழுதிய பட்டியலில் இருபது பாட்டு இருக்கும். கடைக்காரர் பேனையால் ஆறை வெட்டச் சொல்வார். அந்த வெட்டு நடக்கும்போதுதான் கூட்டாளிமாருக்குள் வாய்த்தர்க்கம் வெடிக்கும். பக்கத்தின் முடிவில் இரண்டு நிமிடம் மிஞ்சினால், "காக்கா, சின்னதா ஒரு பாட்டு இருந்தாப் போட்டு நிரப்பி விடுங்க" என்று கெஞ்சுவார்கள். அந்த இடைவெளிக்குள் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு பழைய பொப் பாட்டைச் செருகுவார். வீட்டில் பக்கம் முடியும்வரை கேட்டே ஆகவேண்டியிருப்பதால் அதுவும் மனதில் தங்கும். தட்டின் மறுபக்கத்தில் தொலைந்த சில பாட்டு கரையில் தப்பிப் பிழைத்தது இப்படித்தான். மனோகரனின் முருகன் பாட்டு முஸ்லிம் வீட்டுக் கசட்டில் கிடந்ததற்கும் வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கசட்டுகளில் பெரும்பகுதி இன்று இல்லை. ஈரத்தில் பூசணம் பிடித்துப் போனவை பாதி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரையோர வீடுகளைக் கடல் கொண்டுபோனபோது போனவை மீதி. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த தனியார் பண்பலைகள் தொலைபேசி வாக்கெடுப்பைப் பழக்கியபோது பழைய பொப் பாட்டு போட்டியிலேயே இல்லை.

ஆகவே இப்போது செய்யவேண்டியது, பிந்தியாவது அந்தப் பதினான்கை அடுக்குவது. நித்தியிடமிருந்து மூன்று, மனோகரனிடமிருந்து நான்கு, பரமேஸிடமிருந்து இரண்டு, மற்றவர்களிடமிருந்து ஐந்து என்று கணக்குப் போட்டால் சரியாக வரும். முதல் பக்கத்தைத் திறக்க 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே'. அதில் நான் அசையமாட்டேன். இரண்டாம் பக்கம் பரமேஸின் 'உனக்குத் தெரியுமா'வோடு மெல்லத் தொடங்கவேண்டும். தறிச்சத்தத்தில் அமுங்கிய பாட்டுக்கு இப்போதாவது முன்வரிசை. 'மால் மருகா' நிச்சயம் உள்ளே. 'சுராங்கனி'யை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கும் என் கூட்டாளிமாருக்கும் ஒத்துவரவில்லை. 'ட்விஸ்ட் அன்ட் ஷவுட்' போலக் கடைசியில் வைத்து ஆடி முடிக்கவேண்டும் என்கிறார்கள் அவர்கள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டை வழியில் எங்காவது, நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ, போகிற போக்கில் வைத்துவிட்டு, முடிவிடத்தை யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு பாட்டுக்குக் கொடுக்கவேண்டும் என்பது என் வாதம்.